கடல் காத்த பொருளும் கரை வைத்த விலையும்



'கலம்' என்னும் சொல்லைத் தமிழ் எத்தனை பொருளில் வழங்குகிறது என்பதை இவ்வவைக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கடலில் செல்வதும் கலம். உண்பதற்கு எடுப்பதும் கலம். கழுத்திலும் காதிலும் அணிவதும் கலம். மரக்கலம், மட்கலம், அணிகலம் என அடை சேர்த்துப் பிரித்துக்கொண்டாலும் சொல் ஒன்றே. நெல்லை அளப்பவர்க்கு அதுவே அளவுமாயிற்று. கடலடியில் மூழ்கிக் கிடக்கும் கப்பல் ஒன்றை எண்ணிப் பார்த்தால் இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். அங்கே மரக்கலமும் மட்கலமும் அணிகலமும் ஒன்றன்மேல் ஒன்றாக, சில வேளை ஒன்றோடொன்று இறுகி ஒரே பாறையாகக் கிடக்கின்றன. புதையல் தேடி வருபவர் அணிகலத்தை முதலில் எடுக்கிறார். உடையாத மட்கலத்தை அடுத்து எடுக்கிறார். மரக்கலத்தை விட்டுச் செல்கிறார். அந்தப் பிரிவினையே இன்றைய பேச்சின் பொருள்.

கவிழ்ந்த கலத்தின் சரக்கு எவர்க்குரியது என்னும் வினா மிகப் பழையது. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். அவன் அறிவுரை கேட்டு மனம் மாறிய நாகர் தலைவன், முன்பெல்லாம் கலம் கவிழ்ந்து வந்தவர்களைத் தாங்கள் உண்டதாகவும், அவர்கள் விட்டுச்சென்ற பொருள் இவையெனவும் கூறி, அகிலும் துகிலும் நிதியமும் அவன்முன் வைக்கிறான். சாதுவன் அவற்றைப் பெற்றுக்கொண்டு, சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலமேறி ஊர் திரும்புகிறான். கலம் உடைந்து வருவோரின் உயிரைக் காக்க வேண்டும் என்று அறம் உரைத்தவன், அப்பொருள் யாருடையது என்று கேட்டதாகக் காப்பியம் சொல்லவில்லை. காப்பியத்தின் கருத்து உயிர்மேல் இருந்தது. பொருளைப் பற்றிய வழக்கு அதற்கு வேண்டியதாயில்லை.

ஆனால் அரசர்களுக்கு வேண்டியதாயிருந்தது. ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளி என்னும் துறை உண்டு. அங்கே காகதிய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டையொட்டி நாட்டிய கல்வெட்டு, கடல் வணிகர்க்கு அளித்த அபய சாசனம். புயலில் அடிபட்டு ஒதுங்கிய கலங்களின் சரக்கை முன்னாளைய அரசர்கள் வலிந்து பற்றிக்கொண்டனர் என்றும், இனி முறையான சுங்கம் தவிர மற்றவை உரியவர்க்கே விடப்படும் என்றும் அது கூறுகிறது. இரக்கத்தினால் இவ்வாணை பிறந்தது என்று கல்வெட்டு சொல்கிறது. இரக்கத்தோடு வணிகக் கணக்கும் இருந்திருக்கும். கொள்ளை போகும் துறைக்கு எந்தக் கலமும் வராது. எனினும், கடல் விழுங்கியதனால் மட்டும் ஒரு பொருள் உடைமையாளரை இழந்துவிடாது என்னும் கொள்கை எழுநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறிவிட்டது என்பது எண்ணத்தக்கது.

இனி, இக்காலப் புதையல் வேட்டையின் போக்கை ஒரே கப்பலில் வைத்துக் காணலாம்.

1751ஆம் ஆண்டு திசம்பரில் சீனத்தின் காண்டன் துறையிலிருந்து 'கெல்டர்மால்சன்' என்னும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் தாயகம் நோக்கிப் புறப்பட்டது. 1752 சனவரி 3ஆம் நாள், தென்சீனக் கடலின் தென்கோடியில், பிந்தான் தீவையடுத்த பாறையொன்றில் மோதி மூழ்கிற்று. கப்பலில் இருந்தோர் 112 பேர். இரண்டு படகுகளில் ஏறிப் பத்தேவியா சேர்ந்தோர் 32 பேர். மற்ற 80 பேரும் கப்பலோடு போயினர். பிழைத்து வந்தவர்களைக் கம்பெனி அதிகாரிகள் விசாரித்தனர். அவர்கள் துருவித் துருவிக் கேட்டது பொன் வைத்த பெட்டி என்னவாயிற்று என்பது. கப்பலில் பொற்கட்டிகள் இருந்தன. பிழைத்தவர்கள் அவற்றை மறைத்திருப்பரோ என்பது கம்பெனியின் ஐயம்.

அக்கப்பலின் சரக்குப் பட்டியல் டச்சு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதைப் படிப்பவர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. கப்பலின் செல்வம் பொன்னன்று, பீங்கானுமன்று, தேயிலை. ஏறத்தாழ 6,87,000 பவுண்டு எடையுள்ள தேயிலை அதில் ஏற்றப்பட்டிருந்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பீங்கான் கலங்களும் இருந்தன என்றாலும், சரக்கின் மொத்த மதிப்பில் அவை நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. பீங்கான் கனமானது, நனைந்தாலும் கெடாதது. ஆதலின் அடித்தட்டில் அடுக்கி, அதன்மேல் தேயிலைப் பெட்டிகளை வைப்பது அக்கால வழக்கம். தேயிலைக்கு ஈரம் தட்டாமலிருக்கவும் கப்பல் நிலைகொண்டு செல்லவும் பீங்கான் உதவிற்று. கடலுக்குள் சென்றபின் அந்த உறவு தலைகீழாயிற்று. ஊறிச் சிதைந்த தேயிலை சேறாகிப் பீங்கானை மூடிக் காத்தது. 1752இல் செல்வமாயிருந்தது மண்ணாயிற்று. அதற்கு அடிமணையாயிருந்தது செல்வமாயிற்று.

1985ஆம் ஆண்டு மைக்கேல் ஹேட்சர் என்பவரின் குழு அக்கப்பலைக் கண்டுபிடித்தது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பீங்கான் கலங்களையும், ஏறத்தாழ 125 பொற்கட்டிகளையும் மேலே கொணர்ந்தனர். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் தொடங்கி ஆம்ஸ்டர்டாம் நகரில் கிறிஸ்டி ஏல நிறுவனத்தார் அவற்றை ஏலமிட்டனர். 'நான்கிங் சரக்கு' என்று அதற்குப் பெயரிட்டனர். சீன நாட்டில் பீங்கான் சூளைகள் நிறைந்திருந்த ஊர் சிங்தெசென். நான்கிங் என்பது நீலவண்ணப் பீங்கானுக்கு மேலை வணிகர் இட்ட சந்தைப் பெயர். இருநூற்று முப்பது ஆண்டுகள் கழித்தும் சரக்கு தன் சந்தைப் பெயரோடுதான் கரையேற வேண்டியிருந்தது. ஏலத்தின் வரவு ஏறத்தாழ ஒரு கோடி பவுன். சீன அரசு தன் வல்லுநர் இருவரை அந்த ஏலத்திற்கு அனுப்பியது. ஒரு கிண்ணத்தைக்கூட அவர்களால் வாங்க இயலவில்லை. அதன்பின் 1989இல் இந்தோனேசிய அரசு மூழ்கிய கப்பல்களின் பொருள்களை மேற்பார்வையிட ஒரு குழுவை அமைத்தது. கதவைத் தாழிட்டது உண்மைதான். வீடு ஏற்கெனவே திறந்து பார்க்கப்பட்டுவிட்டது.

இவ்வளவும் கேட்டபின், 'எடுத்தார்கள், விற்றார்கள். கடலடியில் கிடந்து யாருக்கு என்ன பயன்?' என்று கேட்பவர் உண்டு. நேர்மையான கேள்விதான் அது. விற்ற கிண்ணங்கள் உடையவில்லை. இன்றும் பல நாடுகளில் கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன. இழந்தது என்ன?

ஏட்டுச்சுவடியை அறிந்தவர் நிறைந்த அவை இது. நூறு ஏடு கொண்ட ஒரு சுவடியின் கயிற்றை ஒருவர் அவிழ்க்கிறார். எழுத்து அழகாக அமைந்த முப்பது ஏடுகளைப் பொறுக்குகிறார். செல்லரித்தவற்றையும் முறிந்தவற்றையும் ஆற்றில் விடுகிறார். முப்பதையும் ஏடு ஒன்றுக்கு இவ்வளவு என்று முப்பது வீடுகளுக்கு விற்கிறார். ஓர் ஏடும் அழியவில்லை என்று அவர் வாதாடலாம். நூல் அழிந்தது. எந்த ஏட்டின்பின் எந்த ஏடு என்பதை இனி எவரும் சொல்ல முடியாது. கப்பலும் அவ்வாறே. எந்தக் கலம் எந்தப் பெட்டியில் இருந்தது, எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருந்தது, மாலுமியின் சொந்தச் சட்டி எங்கே கிடந்தது, தலைவன் அறை எங்கே முடிந்தது என்பன அந்த வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கெல்டர்மால்சனில் அந்த வரிசையைக் குறித்துக்கொள்ளப் போதிய முயற்சி எடுக்கப்படவில்லை என்பதே ஆய்வாளர்களின் தீராத மனக்குறை. கப்பலின் உடலைப் பற்றி அக்கண்டெடுப்பிலிருந்து அறிந்தது மிகச் சொற்பம். அதன் சரக்கைப்பற்றிக் கூறுவனவெல்லாம் பெரும்பாலும் கம்பெனி எழுத்தர் காகிதத்தில் எழுதி வைத்தவை. கடல் வைத்திருந்த படியை எவரும் படிக்கவில்லை.

வரிசை என்பது எவ்வளவு பேசும் என்பதற்கு இலங்கைக் கடலில் ஒரு சான்று உண்டு. 1961ஆம் ஆண்டு, தென்கிழக்குக் கடலில் 'கிரேட் பாசஸ்' எனப்படும் பாறைத்தொடரின் கலங்கரை விளக்கத்தருகே மைக் வில்சன் என்பவரும் அவருடன் சென்ற இளைஞர் இருவரும் நீரில் மூழ்கியபோது ஒரு கப்பலின் எச்சத்தைக் கண்டனர். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அம்முயற்சியில் தோழர். அங்கே கிடைத்தவை வெள்ளி உருபாய்கள். அவை உதிரியாகக் கிடந்தது சிறுபான்மை. ஆயிரம் ஆயிரமாகப் பையில் கட்டிய வடிவிலேயே இறுகிக் கட்டியாகிக் கிடந்தன. துணிப் பை எப்போதோ கரைந்துவிட்டது. பையின் வடிவை நாணயம் விடவில்லை. அவை ஔரங்கசீப்பின் பெயரால் சூரத்து அக்கசாலையில் அடித்தவை. எல்லாவற்றிலும் ஹிஜ்ரி 1113 என்னும் ஒரே ஆண்டு. ஆங்கிலக் கணக்கில் 1702ஐ ஒட்டியது. கைமாறிய நாணயமாயின் பல ஆண்டுகள், பல அக்கசாலைகள் கலந்திருக்கும். இவை எவர் கையும் படாமல், அச்சுக்கூடத்திலிருந்து நேரே கட்டி ஏற்றிய புதுப்பணம். இச்செய்தியைச் சொன்னது எந்த ஒரு நாணயமும் அன்று. அவை கூடிக் கிடந்த கிடை. அக்கட்டிகளில் ஒன்று உடைக்கப்படாமலேயே அமெரிக்காவின் சுமித்சோனியன் காட்சியகத்திற்குச் சென்றது. உடைத்து எண்ணி விற்றிருந்தால் ஆயிரம் பேர் வீட்டில் ஆயிரம் காசு இருந்திருக்கும், பை இருந்திராது.

அதே இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டையை அடுத்த கொடவாயா என்னும் சிற்றூர்க் கடலில் 2003ஆம் ஆண்டு சங்கு குளிப்போர் கண்டது மற்றொன்று. பொன்னில்லை, வெள்ளியில்லை. உருகித் திரண்ட கண்ணாடிக் கட்டிகள், துருவேறிய உலோகத் திரள், மட்பாண்டங்கள், அரைக்கும் கல். ஏலக்காரர் ஒருவரும் அதற்குக் கையுயர்த்தார். ஆனால் அது கி.மு. இரண்டாம் நூற்றாண்டிற்கும் கி.பி. முதல் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டது என்றும், இந்துமாக்கடலில் இதுவரை அறியப்பட்ட மூழ்கிய கலங்களில் மிகப் பழையது என்றும் ஆய்வாளர் துணிந்தனர். தமிழகத்துத் துறைகள் கடல் வணிகத்தில் சிறந்திருந்த காலத்தில், அக்கடலிலேயே கண்ணாடிக் கட்டியையும் உலோகத்தையும் ஏற்றிக்கொண்டு சென்ற ஒரு கலம் இன்று கைக்கெட்டும் தொலைவில் கிடக்கிறது. அரிக்கமேட்டில் கிடைக்கும் கண்ணாடி மணிகளைப் பற்றிப் பேசுவோர் அந்தக் கட்டிகளை மறக்க முடியாது. விலைப்பட்டியலில் அவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

இவ்விடத்தில் புதையல் தேடுவோர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அவர்களைக் கொள்ளையர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது பேசுவோர்க்கு எளிது, உண்மைக்குப் போதாது. 1622ஆம் ஆண்டு புளோரிடாவையடுத்து மூழ்கிய 'அத்தோச்சா' என்னும் இசுபானியக் கப்பலை மெல் பிஷர் என்பவர் பதினாறு ஆண்டுகள் தேடினார். 1975 சூலையில் தேடுபடகு ஒன்று கவிழ்ந்து அவருடைய மகனும் மருமகளும் உடனிருந்த நீர்மூழ்கி ஒருவரும் இறந்தனர். தேடுவதை அவர் விடவில்லை. 1985 சூலையில் வெள்ளிக் கட்டிகளின் குவியல் கண்ணுக்குப் பட்டது. அந்தப் பிடிவாதம் எந்த அரசுத் துறைக்கும் வாய்க்காது. அதே வேளையில் அவர்கள் கையாண்ட முறையையும் மறைப்பதற்கில்லை. படகின் சுழல்விசிறி தள்ளும் நீரைப் பெருங்குழாய் வழியே கீழ்நோக்கிப் பாய்ச்சி மணலில் குழி பறிப்பது அம்முறை. பொன்னும் வெள்ளியும் கனத்தால் அங்கேயே தங்கும். மரத்துண்டும் விதையும் எலும்பும் தோலும் நீரோடு போய்விடும். மாலுமி என்ன உண்டான் என்பதற்குச் சான்று அந்த விதையும் எலும்பும்தான்.

இருதரப்புக்கும் நடுவே நிற்கும் கப்பல் ஒன்றும் உண்டு. 1998ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலிதுங் தீவையடுத்துக் கடலட்டை எடுக்க மூழ்கியவர்கள் பவளப்பாறைக்கிடையே பழங்கலங்களைக் கண்டனர். அரபு நாட்டுப் பாணியில், ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய கப்பல் அது. சீனத்தின் தாங் மரபினர் காலத்துப் பீங்கானும் மண்ணும் சேர்ந்து ஏறத்தாழ 60,000 கலங்கள் அதில் இருந்தன. பெரும்பான்மையும் சாங்ஷா சூளைகளில் வனைந்த சிறு கிண்ணங்கள். பெருஞ்சாடிகளுக்குள் ஒன்றனுள் ஒன்றாகச் சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. ஒரு கிண்ணத்தில் வனைந்தவன் நாளைக் கீறியிருக்கிறான். கணக்கிட்டால் அது கி.பி. 826. தனியார் நிறுவனம் ஒன்று இந்தோனேசிய அரசின் உரிமம் பெற்று எடுத்தது. எடுத்த முறைபற்றிக் குறை சொன்னோர் பலர். விரைந்து எடுத்தனர் என்றும், இடையில் விட்ட காலத்தில் திருட்டு நடந்தது என்றும் கூறினர். ஆனால் ஒன்று: அச்சரக்கு சிதறவில்லை. 2005ஆம் ஆண்டு மூன்று கோடி டாலருக்கு மேற்பட்ட விலைக்குச் சிங்கப்பூர் அதனை ஒரே தொகுதியாக வாங்கிற்று. 2011இல் வாசிங்டனில் நடக்கவிருந்த காட்சியை, வணிகர் எடுத்த பொருளைக் காட்டுவது அவ்வணிகத்திற்குத் துணைபோவதாகும் என்று ஆய்வாளர் எதிர்த்தமையால் சுமித்சோனியன் நிறுவனத்தார் கைவிட்டனர். 2015 முதல் சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் காட்சியகத்தில் அதற்கென ஒரு கூடம் அமைந்தது.

வாசிங்டனில் அது தீண்டத்தகாதது. சிங்கப்பூரில் அது பெருமைக்குரியது. எது சரி? எதிர்த்தவர்களின் வாதம் கொள்கையளவில் வலியது; சந்தை இருக்கும்வரை சுரண்டல் இருக்கும். ஆயினும் ஓமான் நாட்டார் அக்கப்பலின் சான்றைக்கொண்டே அதுபோல ஒரு தைத்த கப்பலைக் கட்டினர். 'மஸ்கட்டின் மணி' எனப் பொருள்படும் பெயரிட்டுப் பாய்விரித்துக் கொச்சி, காலி வழியாக 2010இல் சிங்கப்பூர் கொணர்ந்தனர். அறுபதாயிரம் கலமும் அறுபதாயிரம் வீட்டுக்குப் போயிருந்தால் அந்தப் பாய் விரிந்திராது. ஆகவே, எடுத்தவர் யார் என்பதோடு, எடுத்தது கூடி நின்றதா கலைந்ததா என்பதையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யுனெஸ்கோ 2001இல் ஒப்புக்கொண்டு 2009இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, நூறாண்டுக்குக் குறையாமல் நீருக்கடியில் கிடந்த பண்பாட்டுப் பொருள்களை வணிகத்திற்காக எடுக்கலாகாது என்கிறது; கிடந்த இடத்திலேயே காப்பதை முதல் வழியாகக் கொள்ள வேண்டும் என்கிறது. நல்ல சொற்கள். கையொப்பமிடாத நாடுகளும் உண்டு. இழுவலைக்குக் கையொப்பம் தெரியாது.

கிடந்த இடம் என்பது பல வேளைகளில் ஓர் இடுகாடு என்பதையும் விலைப்பட்டியல் சொல்வதில்லை. 1804 அக்டோபர் 5ஆம் நாள் போர்த்துகல் நாட்டுத் தென்கரைக்கு அப்பால் ஆங்கிலக் கப்பற்படை தாக்கியபோது 'மெர்செதெஸ்' என்னும் இசுபானியப் போர்க்கப்பல் வெடித்துச் சிதறிற்று. இறந்தோர் ஏறத்தாழ 250 பேர். அதிகாரி தியேகோ தெ அல்வேயார் தம் மூத்த மகனோடு துணைக்கப்பலில் இருந்தார். மெர்செதெசில் அவருடைய மனைவியும் ஏழு மக்களும் இருந்தனர். தந்தையும் மகனும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கப்பல் போயிற்று. 2007ஆம் ஆண்டு ஒடிசி என்னும் அமெரிக்க நிறுவனம் அக்கப்பலிலிருந்து ஏறத்தாழ ஆறு இலட்சம் நாணயங்களை எடுத்து, கப்பலின் பெயரைச் சொல்லாமல் 'கருப்பு அன்னம்' என்று குறிப்பெயர் வைத்துப் புளோரிடாவுக்குக் கொண்டுசென்றது. இசுபெயின் வழக்கிட்டு வென்றது. 2012 பெப்ரவரியில் இரண்டு படை விமானங்கள் அந்நாணயங்களை ஏற்றிக்கொண்டு திரும்பின. பெருநாட்டாரும் உரிமை கோரினர். வெள்ளி தங்கள் மண்ணில் தோண்டியது, தங்கள் ஊரில் அடித்தது என்றனர். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. நீதிமன்றம் கொடியைப் பார்த்தது, சுரங்கத்தைப் பார்க்கவில்லை. சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு அந்த வழக்கில் வழக்கறிஞர் இல்லை.

கடைசியாக ஒரு கப்பல். இதுவரை சொன்னவை எல்லாவற்றையும் இது சிக்கலாக்கிவிடுகிறது. அதனாலேயே இது சொல்லத்தக்கது.

கன்னட நாட்டு ஜோக் அருவிக்குக் கெர்சோப்பா அருவி என்ற பெயருமுண்டு. அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய 'கெர்சோப்பா' என்னும் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் 1940 திசம்பரில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. வெள்ளிக் கட்டிகள், வார்ப்பிரும்பு, தேயிலை, அவற்றோடு அஞ்சற்பைகள் ஏற்றியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் மற்றக் கப்பல்களோடு கூட்டாகச் சேர்ந்து சென்றது. புயல் மிகுந்து நிலக்கரி குறைந்தமையால் கூட்டத்தைப் பிரிந்து அயர்லாந்தின் கால்வே துறை நோக்கித் திரும்பியது. 1941 பெப்ரவரி நடுவில் ஓரிரவு செர்மானிய நீர்மூழ்கியின் குண்டு பாய்ந்தது. பணியாளர் எண்பதுக்கு மேற்பட்டோர். பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். லஸ்கர் என்னும் பொதுப்பெயரே அவர்களுக்குப் பதிவேட்டில் முதற்பெயர். ஏறத்தாழ முப்பது பேர் ஏறிய ஒரு படகு குளிரிலும் பசியிலும் ஏறக்குறைய இரு வாரம் மிதந்து கார்ன்வால் கரையை அடைந்தது. அலையடித்துக் கவிழ்ந்த அப்படகிலிருந்து உயிரோடு கரையேறியவர் இரண்டாம் அதிகாரி ரிச்சர்டு அயர்ஸ் ஒருவரே.

2011ஆம் ஆண்டு, மெர்செதெஸ் வழக்கில் தோற்றுக்கொண்டிருந்த அதே ஒடிசி நிறுவனம், இம்முறை பிரித்தானிய அரசோடு முறையாக ஒப்பந்தம் செய்துகொண்டு கெர்சோப்பாவைக் கண்டுபிடித்தது. ஆழம் ஏறத்தாழ 4,700 மீட்டர். செலவு கழித்து வருவதில் நூற்றுக்கு எண்பது பங்கு எடுப்பவர்க்கு என்பது பேச்சு. 2012இலும் 2013இலும் இயந்திரக் கைகளை இறக்கி 2,700க்கு மேற்பட்ட வெள்ளிக் கட்டிகளை எடுத்தனர். எடை ஏறத்தாழ 110 டன். அரச அக்கசாலை 2014இல் அவ்வெள்ளியில் ஒரு பகுதியை உருக்கிக் கால் அவுன்சு நாணயமாக அடித்து, விளிம்பில் கப்பலின் பெயரைப் பொறித்து விற்றது.

வெள்ளியைத் தேடிய அக்கைகளில் வேறொன்றும் அகப்பட்டது. அஞ்சற்பைகளில் இருந்த மடல்கள். ஒளி புகாத ஆழம், குளிர், உயிர்வளி எட்டாத இறுக்கம் ஆகியவை கூடிக் காகிதத்தை எழுபதாண்டு காத்தன. 700க்கு மேற்பட்ட மடல்கள் கரையேறின. உப்பை நீக்கி, மடிப்பைப் பிரித்து, உலர்த்தி, எழுத்தை வெளிக்கொணர ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. 2018ஆம் ஆண்டு இலண்டன் அஞ்சல் காட்சியகத்தில் அவை பார்வைக்கு வைக்கப்பட்டன. இந்தியாவில் பணியிலிருந்த படைவீரரும் மற்றோரும் 1940இன் இறுதியில் ஊருக்கு எழுதியவை அவை. கிறித்துமசு வாழ்த்து, நலம் உசாவல், குடும்பச் செய்தி. பெரிய வரலாறு ஒன்றுமில்லை.

அம்மடல்களுக்குச் சந்தையில் விலையில்லை; அவற்றின்பொருட்டு எவரும் நாலாயிரத்து எழுநூறு மீட்டர் இறங்கியிருக்க மாட்டார். வெள்ளி செலவைக் கொடுத்ததனால்தான் மடல் கரையேறிற்று. ஆய்வாளரின் பணப்பை அந்த ஆழத்திற்கு எட்டாது. எட்டியிருந்தாலும் நூறாண்டு நிறையாத கப்பலுக்கு எவரும் அதைத் திறந்திருப்பரா என்பது ஐயமே. புதையல் வேட்டையை அடியோடு மறுப்பவர் இந்த இடத்தில் சற்று நின்றே ஆக வேண்டும். அவ்வாறே, இதனைக் காட்டி வேட்டை முழுவதையும் நியாயப்படுத்துவோரும் நிற்க வேண்டும். மடல்களைப் பொறுமையாகப் பிரித்துப் படிக்கும்படி செய்தது வெள்ளியின் ஆசையன்று. கீழே கைக்கு அகப்பட்டதை அள்ளிப் போடாமல் எடுத்துவைத்த கவனமும், மேலே ஈரக் காகிதத்தோடு அமர்ந்திருந்தவர்களின் உழைப்பும் வேறு கணக்கில் எழுதப்பட வேண்டியவை.

அம்மடல்களுள் ஒன்று, திருமணத்திற்கு இசைந்து எழுதிய பெண்ணுக்கு ஒரு படைவீரர் தம் மகிழ்ச்சியைத் தெரிவித்த மறுமொழி. தம் சொல் அவரை அடைந்தது என்பதையே அப்பெண் அறியவில்லை. காத்திருந்தார், பின்னர் வேறொருவரை மணந்து வாழ்ந்தார். மடல் கடலிலிருந்து வந்து படிக்கும் நிலையை அடைந்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது கடந்திருந்தது. அவரைத் தேடிக் கண்டுபிடித்து, எழுதியதைக் காட்டினர். கண்ணாடி அணிந்துகொண்டு அவர் அதைப் படித்தார்.